வேலையை விட்டுடலாம்னு தோணுதா? முதல்ல ஒரு வருஷக் கணக்கு போடுங்க

இது என் சொந்தக் கணக்கு.

போன செப்டம்பர்ல ஒரு நாள், ராத்திரி பதினொன்றரை மணி. டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு 30-ம் தேதி கெடு. கிளையன்ட் அனுப்பின பேலன்ஸ் ஷீட் மூணாவது தடவையும் டேலி ஆகலை. மகள் தூங்கிற போட்டோவை மனைவி வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தாங்க. அந்த வாரம் முழுக்க அவளை முழிச்சிருக்கும்போது நான் பார்க்கவே இல்லை. ஃபைலை மூடிட்டு புதுசா ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். பேர்: 'வேலையை விட்டா?'

முதல்ல எல்லாரும் சொல்ற ஃபார்முலா, வருஷச் செலவு மாதிரி 25 மடங்கு. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது அமெரிக்கச் சந்தையையும் 30 வருஷ ஓய்வுக்காலத்தையும் வச்சுப் போட்டது. 36 வயசுல விடறவனுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் போட்டேன். வீட்டு லோன் இஎம்ஐ சேர்த்து மாசம் 80,000, வருஷத்துக்கு 9.6 லட்சம். 25 மடங்குன்னா 2.4 கோடி. பேசாம பேலன்ஸ் ஷீட்டுக்கே திரும்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சது. காலம் முழுக்க சும்மா இருக்கணும்னு நான் எப்போ ஆசைப்பட்டேன்? நல்லா தூங்கணும், மகளை ஸ்கூல்ல கொண்டுபோய் விடணும், நிதானமா வேற வேலை தேடணும். அதுக்கு ஒரு வருஷம் போதும்.

விலை 9.6 லட்சம், கூடவே மெடிக்கல் இன்ஷூரன்ஸ். இதைத்தான் நிறைய பேர் மறக்கிறாங்க. ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவா வேலையோட சேர்ந்தே முடிஞ்சிடும். அப்பாவுக்கு சுகர் இருக்கு. புது பாலிசில, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 36 மாசம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதே கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமான்னு ராஜினாமா லெட்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. எனக்கு வந்த கொட்டேஷன் 75,000. ஆக மொத்தம் 10.35 லட்சம். கையில் இருந்தது 5 லட்சம்.

அடுத்து கிராஜுவிட்டி. எனக்கு அப்போ சர்வீஸ் நாலு வருஷம் ரெண்டு மாசம். அன்னிக்கே கிளம்பியிருந்தா பூஜ்யம். அஞ்சு வருஷம் முடிஞ்சா, கடைசி பேசிக் 60,000-க்கு 15/26 ஃபார்முலாப்படி 1.73 லட்சம். (அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னாடி பிஎஃப்-ஐ எடுத்தா டேக்ஸ் வேற வரும். அதைத் தொடறதா இல்லை.) மிச்சம் 3.62 லட்சம். மாசம் 25,000 ஒதுக்கினா 15 மாசம். வட்டியைச் சேர்க்கலை.

பெருமையா மனைவிகிட்ட காட்டினேன். மேலிருந்து கீழே பார்த்துட்டு, "இதுல ஸ்கூல் ஃபீஸ் எங்கேங்க?"ன்னு கேட்டாங்க.

ஊர் கணக்கெல்லாம் பார்க்கிற ஆடிட்டர்! ஃபீஸ் 90,000 சேர்த்ததும் 15 மாசம் 19 ஆச்சு.

இப்போ ஏழாவது மாசம் ஓடுது. கெடு தேதிகள் அப்படியேதான் இருக்கு. ராத்திரி ரொம்ப முடியாமப் போனா அந்த ஷீட்டை ஒரு நிமிஷம் திறந்து பார்க்கிறேன். இன்னும் 12.