கடலைத் தொடாத 'கடல் பிளாஸ்டிக்'

கைப்பை, வளையல், கைக்கடிகார வார் என்று பலவும் இப்போது 'கடல் பிளாஸ்டிக்கில் செய்தது' என்ற லேபிளோடு விற்பனைக்கு வருகின்றன. அந்தப் பிளாஸ்டிக் கடலில்தான் கிடந்ததா? பல நேரங்களில் இல்லை.

கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் அள்ளுவாரின்றிக் கிடக்கும் குப்பை, கடலில் போய்ச் சேரக்கூடியது என்பது இத்தொழிலில் புழங்கும் கணக்கு. அதைக் கரையிலேயே பொறுக்கி எடுத்தாலும் லேபிளில் கடல் ஏறிவிடும். இந்த அளவுகோலை நெகிரி செம்பிலான் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். போர்ட் டிக்சன் கரைக்கும் சிரம்பானுக்குமே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்கள் எல்லாம் உள்ளே வந்துவிடும். பகாவ் போன்ற உட்பகுதிகள்தான் தப்பும். லயத்து வீட்டுப் பின்கால்வாயில் மிதக்கும் தண்ணீர்ப் போத்தல்கூட இந்தக் கணக்கில் கடல் சரக்கு!

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. அடைமழையில் கால்வாய்க் குப்பை லிங்கி ஆற்றில் இறங்கினால் மலாக்கா நீரிணை தூரமில்லை. ஆறுகள் வழியே கடலுக்குப் பிளாஸ்டிக் அனுப்பும் நாடுகளில் பிலிப்பைன்ஸ், இந்தியாவுக்கு அடுத்து மலேசியா என்று 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் 2021-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

நடுக்கடலில் எடுத்ததை வைத்துப் பொருள் செய்வது சிரமம். வெயிலும் உப்பும் தின்ற பிளாஸ்டிக் நொறுங்கும். கழுவிப் பிரிக்கவே செலவு இழுக்கும். 'ஓஷன் கிளீனப்' அமைப்பு பசிபிக் குப்பைத் திட்டிலிருந்து எடுத்ததில் 2020-இல் செய்த குளிர்கண்ணாடியின் விலை 199 டாலர். மீன்வலை நைலானின் கதை வேறு. அதை வேதிமுறையில் உடைத்து மூலப்பொருளாக்கி மறுபடி புது நூலாக இழுக்கலாம். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் விற்கும் 'எக்கோனில்' அப்படிப்பட்டதுதான். ஆடம்பரப் பை நிறுவனமான பிராடா 2019-இல் அதில் பைகள் தைத்தது. ஆனால் அந்த நூலிலும் பழைய தரைவிரிப்பு, ஆலைக் கழிவு கலந்தே இருக்கும்.

ஆகவே எங்கே பொறுக்கியது, பொருளில் அது எத்தனை சதவீதம் என்று சொல்லாத லேபிளை நான் நம்புவதில்லை.

தோட்டத்துக்கு இதனால் என்ன? போத்தலுக்கு விலை உண்டு. பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். செம்பனை நாற்றங்காலின் கறுப்புப் பாலிபேக் மெல்லியது, மண் ஒட்டியது, கழுவுகிற கூலிக்குக் கட்டாது. நாகரிகச் சந்தைக்கு வேண்டியது முதலாவதுதான். வேலைக்காட்டில் கிழிந்து கிடப்பது இரண்டாவது.