94.88-ல் இருந்து 81.14: ஆந்திரா டென்த்தில் என்னதான் மாறியது? சித்தூர், திருப்பதியில் இருக்கும் அப்பா-அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

நீங்க சென்னையிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பீங்க. தம்பியோ தங்கச்சியோ அக்கா பொண்ணோ சித்தூரில், நகரியில், புத்தூரில், சத்தியவேட்டில் டென்த் படிக்கும். ஊரில் இருந்து போன் வந்தால் பேச்சு எப்படியும் பரீட்சையில்தான் வந்து நிற்கும். "உங்க காலத்துல எல்லாரும் பாஸ் ஆனாங்க, இப்ப ஏன் இவ்வளவு பேர் ஃபெயில்?" "கிரேடா, மார்க்கா?" "வேலூர்ல லெவன்த்துக்கு பரீட்சையே இல்லையாமே, அங்கயே சேர்த்துடலாமா?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். இதில் மூன்றாவதுக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டால், பிள்ளைக்கு இன்ஜினீயரிங் சீட் விஷயத்திலேயே சிக்கல் வரலாம். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாஸ் சதவீதம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

முதலில் எண்கள். ஆந்திரப் பிரதேச எஸ்எஸ்சி, அதாவது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதம்:

- 2019: 94.88%
- 2020, 2021: கொரோனாவால் தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ்
- 2022: 67.26%
- 2023: 72.26%
- 2024: 86.69%
- 2025: 81.14%

இதைப் பார்த்ததும் "பசங்க படிக்கிறதில்ல, எப்பவும் போன்தான்" என்று அப்பா சொல்லுவார். ஆனால் இந்த எண்களை ஒரே கோட்டில் வைத்து ஒப்பிடுவதே சரியில்லை. அளக்கிற அளவுகோல் நடுவில் மாறிவிட்டது.

2019-ல் ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால், அதில் 20 பள்ளியே போடும் இன்டர்னல் மார்க். மீதி 80-தான் பொதுத்தேர்வு. இன்டர்னலில் சில பள்ளிகள் முழு மார்க்கை அள்ளிக் கொடுக்கின்றன என்ற புகார் அப்போதே இருந்தது. அதோடு, சட்டென்று மார்க் எடுக்க உதவும் 'பிட் பேப்பர்' தனியாக இருந்தது. 2019-20 கல்வியாண்டில் இரண்டையும் அரசு நீக்கியது. இப்போது 100 மார்க்கும் பொதுத்தேர்வில்தான் எடுக்க வேண்டும்.

இந்தப் புது முறையில் முதன்முதலாகத் தேர்வு எழுதியது 2022 பேட்ச். அந்தப் பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்புப் படிப்பு கொரோனாவால் பாதிக்கப்பட்டது. 67% வந்ததை அந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்பாவிடம் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: "2019-ல 95 பேர் பாஸ், இப்ப 81 பேர் பாஸ்னா, 14 பேருக்கு மூளை குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்லப்பா. ஸ்கூல் கையில இருந்த 20 மார்க் போயிடுச்சு."

11 பேப்பர் எங்கே போனது?

2019 வரை டென்த் என்றால் 11 பேப்பர். இரண்டாம் மொழிக்கு ஒன்று, மற்ற ஐந்து பாடங்களுக்கும் தலா இரண்டு. இப்போது முதல் மொழி, இரண்டாம் மொழி, ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஆறு பாடங்கள். மொத்தம் 600 மார்க். அறிவியலை மட்டும் 2024-ல் இருந்து இரண்டு நாளாகப் பிரித்து நடத்துகிறார்கள். ஒரு நாள் இயற்பியல்-வேதியியல், இன்னொரு நாள் உயிரியல், தலா 50 மார்க். ஆகவே ஆறு பாடம், ஏழு நாள் தேர்வு.

பேப்பர் குறைந்தால் சுமை குறையுமா? தேர்வு நாட்கள் குறையும். ஆனால் முன்பு கணக்கில் முதல் பேப்பர் கவிழ்ந்தால் இரண்டாவதில் பிடித்துக்கொள்ளலாம். இப்போது முழு சிலபஸும் ஒரே நாளில், 15 நிமிட வாசிப்பு நேரத்தோடு சேர்த்து மூன்றே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசி மாதத்தில் முழு பேப்பரை நேரம் வைத்து எழுதிப் பழகுவது முன்பைவிட இப்போது முக்கியம்.

கிரேடா, மார்க்கா?

2012-ல் இருந்து கொரோனா காலம் வரை டென்த் எழுதியவர்களுக்கு ஜிபிஏ வந்தது. நீங்களே "10-க்கு 9.5" என்று வாங்கியிருக்கலாம். 2022-ல் இருந்து மறுபடியும் மார்க். பாஸ் மார்க் 35. இரண்டாம் மொழியான இந்திக்கு மட்டும் 20.

இங்கே எதிர்பார்ப்பு பற்றி ஒரு எண் சொல்ல வேண்டும். 2025-ல் தேர்வு எழுதிய 6,14,459 பேரில் 4,98,585 பேர் பாஸ். எழுதியவர்களில் 65.36% முதல் வகுப்பு, 10.69% இரண்டாம் வகுப்பு, 5.09% மூன்றாம் வகுப்பு. அதாவது பாஸ் ஆன ஐந்து பேரில் நாலு பேர் ஃபர்ஸ்ட் கிளாஸ். "ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்டா போதும்" என்று அப்பா காலத்தில் சொன்னதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று 360 மார்க் என்பது கூட்டத்தில் ஒருவராக இருப்பது மட்டும்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. பாஸ் ஆகாதவர்கள் 1,15,874 பேர். இவர்களுக்கு ஆண்டு வீணாகிவிடவில்லை. 2025-ல் சப்ளிமென்டரி தேர்வு மே 19 முதல் 28 வரை நடந்தது. அதில் பாஸ் ஆனால் அதே ஆண்டு இன்டரில் சேரலாம். ரிசல்ட் அன்றைக்கு வீட்டில் சத்தம் போடுவதற்கு முன் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய தகவல் இது.

மாநில சராசரியை வைத்து உங்க பிள்ளையின் பள்ளியை எடை போடாதீங்க. அதே 2025-ல் பார்வதிபுரம் மன்யம் மாவட்டம் 93.90%, அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம் 47.64%. ஒரே வினாத்தாள், ஒரே மாநிலம். பள்ளியில் கேட்க வேண்டியது, "கடந்த மூணு வருஷமா கணக்குல எத்தனை பேர் ஃபெயில்?" என்பதைத்தான்.

பாடப் புத்தகம் ஏன் கடினமாகத் தெரிகிறது?

2025 மார்ச்சில் எழுதியதுதான் என்சிஇஆர்டி அடிப்படையிலான புத்தகத்தில், பெரும்பாலும் ஆங்கில மீடியத்தில் எழுதிய முதல் டென்த் பேட்ச். அந்த ஆண்டு ஆங்கில மீடியத்துக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 5.64 லட்சம் பேர். தெலுங்கு மீடியம் சுமார் 51,000. தமிழ், கன்னடம், ஒடியா, உருது போன்ற மற்ற மீடியங்கள் எல்லாம் சேர்ந்தே சில ஆயிரம்தான்.

நடுவில் ஒரு குழப்பமும் நடந்தது. 1,000 அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாற்றப்பட்டிருந்தன. பிள்ளைகள் அந்தத் தேர்வு முறைக்குத் தயாராக இல்லை என்று தெரிந்ததும், 2024 செப்டம்பரில் அவர்களை மாநில போர்டு தேர்வுக்கே அரசு திருப்பியது. "என் பையன் சிபிஎஸ்இ-யா, ஸ்டேட்டா?" என்று அரசுப் பள்ளி அம்மாக்கள் இன்னும் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

தமிழை முதல் மொழியாக எடுத்த பிள்ளைகள் என்ன கவனிக்க வேண்டும்?

ஆந்திர எஸ்எஸ்சி-யில் தமிழ் ஒரு முதல் மொழி. இது சலுகை இல்லை, விதியிலேயே இருக்கும் உரிமை. ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் பதிவில் தவறு நடந்தால் கவனிக்க ஆள் குறைவு. தேர்வுக்கு முன் பள்ளி அனுப்பும் 'நாமினல் ரோல்' பட்டியலில் இருந்துதான் ஹால் டிக்கெட் வருகிறது. அதில் மூன்று விஷயங்களைச் சரிபாருங்க: மீடியம், முதல் மொழி, இரண்டாம் மொழி. தவறு இருந்தால் தலைமையாசிரியர் மூலம்தான் திருத்த முடியும். தேர்வு அன்று காலையில் கையில் தெலுங்கு வினாத்தாள் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

2025-ல் ஹால் டிக்கெட்டும் ரிசல்ட்டும் 'மன மித்ரா' வாட்ஸ்அப் எண்ணிலேயே (95523 00009) கிடைத்தன. அப்பா போனில் இந்த எண்ணை இப்போதே சேவ் செய்து கொடுத்துவிடுங்க.

சிபிஎஸ்இ பள்ளியில் படித்தால்?

திருப்பதியில் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு 2026 முதல் டென்த்தில் இரண்டு தேர்வு. பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வு எல்லாருக்கும் கட்டாயம். மே மாதத் தேர்வு விருப்பம் இருந்தால் மட்டும், அதிகபட்சம் மூன்று பாடங்களில். எதில் மார்க் அதிகமோ அதுதான் கணக்கு. இன்டர்னல் ஒருமுறைதான்.

"அப்ப பிப்ரவரி ட்ரையல், மே மெயின்" என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே திருத்துங்க. முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாமல் விட்டால் மே தேர்வில் உட்காரவே முடியாது.

இன்டரில் என்ன மாற்றம்?

2025-26-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்களில் இருந்து இன்டரும் மாறிவிட்டது. என்சிஇஆர்டி பாடத்திட்டம் வந்தாச்சு. கணக்கில் 75, 75 என்று இருந்த ஏ, பி பேப்பர்கள் ஒன்றாகி 100 மார்க். தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து 'உயிரியல்' என்ற ஒரே பாடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் தியரி தலா 85 மார்க். பிராக்டிகல் 30. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் பழையபடி 1,000.

ஆங்கிலம் கட்டாயம். ஆனால் இரண்டாவது பாடமாக இனி மொழிதான் எடுக்க வேண்டும் என்றில்லை, வேறு விருப்பப் பாடமும் எடுக்கலாம். டென்த் வரை தமிழ் படித்த பிள்ளை இங்கே யாரும் கேட்காமலேயே தமிழை விட்டுவிடும் வாய்ப்பு அதிகம். விடுவதா தொடர்வதா என்பது உங்க வீட்டு முடிவு. ஆனால் அது சேர்க்கை கவுன்டரில், கல்லூரி கொடுக்கும் காம்பினேஷனில் தானாக முடிவாகிவிடக் கூடாது.

"வேலூர்ல சேர்த்துடலாமா?"

1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாறி, திருத்தணி அந்தப் பக்கமும் சத்தியவேடு இந்தப் பக்கமும் போனதில் இருந்து நம்ம ஊர்க் குடும்பங்கள் இரண்டு மாநிலத்திலும் கிடக்கின்றன. அதனால் திருத்தணி மாமா, வேலூர் சித்தி சொல்வதெல்லாம் இங்கே அறிவுரையாக வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மாநிலத்து விதியைச் சொல்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2017-18-ல் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது. ஆந்திராவில் அப்படி இல்லை. இன்டர் முதலாம் ஆண்டுப் பொதுத்தேர்வை எடுத்துவிடலாம் என்று 2025 ஜனவரியில் இன்டர் போர்டு யோசனை வைத்தது. ஆனால் தேர்வு தொடர்கிறது. முதலாம் ஆண்டு மார்க், இறுதி மார்க்கில் ஏறக்குறைய பாதி. ஆந்திராவில் இன்ஜினீயரிங் சேர்க்கைக்கான ஈஏபிசெட் ரேங்கிலும் இன்டர் குரூப் பாட மார்க்குக்கு 25% பங்கு உண்டு. "ஃபர்ஸ்ட் இயர் ஃப்ரீயா இரு" என்பது இங்கே செல்லாது.

இப்போது முக்கியமான விஷயம். ஆந்திராவில் 85% சீட் 'லோக்கல்' மாணவர்களுக்கு. லோக்கல் ஆக, தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும்படி தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். அதாவது சாதாரணமாக ஒன்பது, பத்து, இன்டர் இரண்டு ஆண்டு. டென்த் வரை சித்தூரில் படித்துவிட்டு, பதினொன்று, பன்னிரண்டை வேலூரில் படித்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். பெற்றோர் பத்து ஆண்டு ஆந்திராவில் வசித்ததற்கான சான்று இருந்தால், மீதி 15% பொதுப் பங்கில் போட்டியிடலாம். அவ்வளவுதான்.

அந்தப் பக்கமும் உடனே கதவு திறக்காது. தமிழ்நாடு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுக்கு மட்டும் எல்லை தாண்டும் பிள்ளை, இரண்டு பக்கமும் வெளியாளாக நிற்கும் அபாயம் உண்டு.

இந்த வாரம் போனில் என்ன கேட்கலாம்?

1. ஸ்டேட்டா, சிபிஎஸ்இ-யா? புத்தக அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.
2. நாமினல் ரோலில் மீடியமும் இரண்டு மொழிகளும் சரியா?
3. எந்தப் பாடத்தில் 35-க்குக் கீழே போகும் பயம்? மொத்த மார்க்கைக் கேட்காமல் இதைக் கேளுங்க. ஃபெயில் பாடவாரியாகத்தான் வருகிறது.
4. இன்டர் எங்கே என்ற முடிவை, கல்லூரி விளம்பரம் வருவதற்கு முன் நான்கு ஆண்டு விதியோடு வைத்துப் பாருங்க.

இந்த நாலையும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்க. பரீட்சை எழுதப் போவது அவங்கதான், எதில் பயம் என்பதும் அவங்களுக்குத்தான் தெரியும்.