புண் ஆறிவிட்டது, நோய் ஆறவில்லை

பால்வினை நோய்களில் எனக்கு மிகுந்த அச்சம் தருவது சிஃபிலிஸ். வலித்தால் டாக்டரிடம் ஓடுவோம். இது வலிப்பதே இல்லை.

வலிக்காத புண்

தொற்று ஏற்பட்டுச் சுமார் மூன்று வாரத்தில் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ ஒரு புண் வரும். தொட்டால் கெட்டியாக இருக்கும். பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் கண்ணிலேயே படாது. மருந்து போடாவிட்டாலும் சில வாரங்களில் அது தானே ஆறிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்புதான் குணப்படுத்தியது என்று நம்பி, மறந்தும்விடுகிறோம்.

கிருமியோ இரத்தத்தில் கலந்திருக்கும். பிறகு உடம்பில் தடிப்புகள் வரலாம். குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு வந்தால் கவனியுங்கள். அதுவும் மறைந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓர் அறிகுறியும் இல்லாமல் கிடந்து, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது. நரம்பையும் கண்ணையும் தொடக்கத்திலேயே தாக்குவதும் உண்டு.

மற்ற பால்வினை நோய்களின் அறிகுறிகள்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் வடிதல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுதல், கொப்புளம், மரு. இவற்றில் எது இருந்தாலும் பரிசோதனை தேவை. எதுவுமே இல்லாமலும் நோய் இருக்கலாம். கிளமிடியா என்ற பால்வினை நோய் தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி தெரிவதில்லை. கருக்குழாய் அடைபட்டு, குழந்தை இல்லையே என்று சிகிச்சைக்குப் போகும்போதுதான் சிலருக்குத் தெரியவருகிறது.

சிகிச்சை இருவருக்கும்

சிஃபிலிஸைக் கண்டுபிடிக்க எளிய இரத்தப் பரிசோதனை போதும். மிக ஆரம்பத்தில் செய்தால் சில சமயம் தெரியாது. டாக்டர் சொன்னால் மறுபடி செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப நிலை நோய்க்கு பென்சத்தின் பென்சிலின் ஊசி ஒரே தவணை. நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று. இந்த நோய்க்கு 1943 முதல் பென்சிலின்தான் முதல் மருந்து. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் மட்டும் ஊசி போட்டுக்கொண்டால், துணையிடமிருந்து நோய் திரும்ப வரும். கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும். இங்கேதான் குடும்பம் உடைகிறது. நோய் யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. திருமணத்துக்கு முன்பே தொற்றி உள்ளே கிடந்ததாகவும் இருக்கலாம். அப்படியிருக்க, முதலில் பரிசோதனைக்கு வந்தவள் என்பதற்காகவே பழியை மனைவிமேல் சுமத்துவது கொடுமை. அவள் முதலில் வருவது பெரும்பாலும் கர்ப்பத்தின்போது என்பதால்தான்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

தாயின் சிஃபிலிஸ் குழந்தைக்கும் போகும். கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், நோயோடும் பிறக்கலாம். கர்ப்பம் தெரிந்தவுடன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் உரிய நேரத்தில் போடும் பென்சிலினும் இதைத் தடுத்துவிடும். செய்துகாட்டியவர்கள் தொலைவில் இல்லை: எச்.ஐ.வி.யும் சிஃபிலிஸும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கியூபா 2015இலேயே அதைச் சாதித்தது. கர்ப்பப் பதிவின்போது எச்.ஐ.வி.யோடு சிஃபிலிஸுக்கும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தற்காப்பு

ஆணுறையை ஒவ்வொரு முறையும் முறையாகப் பயன்படுத்தினால் தொற்றுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் சிஃபிலிஸும் ஹெர்பிஸும் பரவக்கூடும் என்பதால், புண் இருக்கும்போது உறவைத் தவிர்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, எச்.பி.வி. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி.தான் முக்கியக் காரணம். பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்கள் இருக்கின்றன. ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசிப் பாருங்கள்.