சீன வாக்கியத்தில் இடமே உருபு

காரம் தின்பதில் சீனாவின் மூன்று மாகாணங்களுக்குள் தீராத போட்டி: சிச்சுவான், குய்சோ, ஹூனான். அதைப் பற்றி அங்கே ஒரு சொலவடை உண்டு. சிச்சுவான்காரர்கள் 'பு பா லா'. குய்சோகாரர்கள் 'லா பு பா'. ஹூனான்காரர்கள் 'பா பு லா'. எந்தத் தொடர் யாருக்கு என்பதை அவரவர் ஊர்ப்பற்றுக்கு ஏற்ப மாற்றியும் சொல்வார்கள். 'பு' என்பது எதிர்மறை, 'பா' என்றால் பயப்படு, 'லா' என்றால் காரம். முதல் கூட்டத்தார் காரத்துக்குப் பயப்படாதவர்கள். இரண்டாமவர்களுக்கு எவ்வளவு காரமானாலும் பயமில்லை. மூன்றாமவர்களுக்கோ, சாப்பாட்டில் காரம் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் பயமே! ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. மூன்று சொற்கள் இடம் மாறி நின்றன, மூன்று பொருள் கிடைத்தது.

தமிழில் இதைச் செய்ய முடியாது, செய்ய வேண்டிய தேவையும் இல்லை. 'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது', 'கடித்தது நாய் மனிதனை' என்று எப்படிப் புரட்டினாலும் கடிபட்டவன் மனிதன்தான். 'ஐ' உருபு அவனை விடாமல் பிடித்துக்கொள்கிறது. சீன மொழியில் பெயருக்கு வேற்றுமை உருபு கிடையாது. வினையும் திணை, பால், எண், இடம், காலம் எதற்காகவும் உருமாறாது. 'கோ யாவ் ரென்' என்றால் நாய், கடி, மனிதன். நாய் மனிதனைக் கடித்தது. 'ரென் யாவ் கோ' என்று மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்று காட்டும் பொறுப்பு சொல் நிற்கும் இடத்தின் தலையில் விழுகிறது. முதலில் எழுவாய், அடுத்து வினை, அதன்பின் செயப்படுபொருள்.

இந்த ஒன்றை வைத்துக்கொண்டு 'சீன வாக்கியம் ஆங்கிலம் போலத்தான்' என்று தொடங்குகிற பாடங்கள் பல. தமிழ் தெரிந்தவர் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு படி தாண்டியதும் சீனம் நம் பக்கம்தான் திரும்புகிறது. பெய்ஜிங்கில் நேற்றுப் புத்தகம் வாங்கியதைச் சொல்ல வேண்டுமா? ஆங்கிலம் ஊரையும் நாளையும் வாக்கியத்தின் வாலில் கட்டும். சீனரோ 'நான், நேற்று, பெய்ஜிங்கில், வாங்கு, புத்தகம்' என்ற வரிசையில் சொல்வார். கடைசி இரண்டு சொற்களை இடம் மாற்றினால் அது நம் வாக்கியம். கேள்வியும் அப்படியே. 'என்ன', 'யார்' போன்ற சொற்கள் பதில் வரவேண்டிய இடத்திலேயே நிற்கும், முன்னே ஓடாது. ஆமா, இல்லையா என்று கேட்க, நம் 'ஆ'வைப் போல வாக்கியத்தின் முடிவில் 'மா' சேர்த்தால் போதும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது பெயரெச்சம். 'வோ மாய் த ஷூ': வோ நான், மாய் வாங்கு, ஷூ புத்தகம். இடையில் நிற்கும் 'த' நம் பெயரெச்ச விகுதியின் வேலையைச் செய்கிறது. நான் வாங்கின புத்தகம்! நம்மைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. வினைக்குப் பிறகு செயப்படுபொருளை வைக்கும் மொழிகளோ பெரும்பாலும் 'புத்தகம்' என்று முதலில் சொல்லிவிட்டு, விளக்கத்தைப் பின்னால் சேர்க்கும். உலக மொழிகளின் சொல்வரிசையை ஒப்பிட்டு ஆராய்ந்த மேத்யூ டிரையர், இந்தப் போக்கை மீறும் மொழிகள் மிக அரிது என்று காட்டினார். மீறுபவற்றில் பெரியது சீனம். வினையை நடுவில் வைத்துக்கொண்டே, பெயருக்கு முன்னால் எல்லா அடையையும் நம்மைப் போல அடுக்குகிறது.

வினைகளை அடுக்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஜேம்ஸ் டாய் என்ற மொழியியலாளர் 1985இல் அதை எடுத்துக்காட்டினார்: வாழ்க்கையில் முதலில் நடப்பது வாக்கியத்திலும் முதலில் வரும். 'ஏறு, ரயில், போ, பெய்ஜிங்' என்றால் ரயிலில் பெய்ஜிங் போவது. 'போ, பெய்ஜிங், ஏறு, ரயில்' என்றால் பெய்ஜிங் போய் ரயில் ஏறுவது. 'ஏறிப் போ', 'போய் ஏறு' என்று வினையெச்சம் கோக்கும் நமக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. வரிசை புரண்டால் பொருளும் புரளும் என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டில் தைப்பிங் கிளர்ச்சியாளர்களோடு போரிட்ட தளபதி செங் குவோஃபானைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. பேரரசருக்குப் போகவிருந்த அறிக்கையில் 'மீண்டும் போர், மீண்டும் தோல்வி' என்று இருந்ததாம். அதை 'மீண்டும் தோல்வி, மீண்டும் போர்' என்று மாற்றியதும், தோற்றவரின் வாக்குமூலம் விடாமுயற்சியின் சான்றாகிவிட்டது.

எழுவாய்கூட இடம் மாறும். 'கெ-ரென்' விருந்தாளி, 'லாய்' வா, 'ல' வந்தாயிற்று என்பதன் குறி. எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டால் 'கெ-ரென் லாய் ல'. யாரோ விருந்தாளி திடீரென்று வந்து நின்றால் 'லாய் கெ-ரென் ல'. தெரிந்தவர் வினைக்கு முன்னே நிற்கிறார், தெரியாதவர் பின்னே. தெரிந்த செய்தியை முதலில் வைக்கும் இந்தப் பழக்கத்தால் செயப்படுபொருளும் தலைப்பாக முன்னே வந்துவிடும். 'கோழி, இல்லை, தின்' என்ற வரிசையில் அமைந்த வாக்கியம் சீன இலக்கணத்தில் பெயர் பெற்றது. கோழி இரை தின்னவில்லை என்றும் கொள்ளலாம், கோழிக்கறி இனி வேண்டாம் என்றும் கொள்ளலாம். பேச்சுத் தமிழில் 'கோழி தின்னல' என்றாலும் இதே இரட்டைப் பொருள்தான். 'ஐ' விழுந்த இடத்தில் நாமும் சீனர்களைப் போலச் சூழலை நம்பிப் பேசுகிறோம்.

தொடக்கநிலை தாண்டியதும் வருவது 'பா' வாக்கியம். காரத்துக்குப் பயப்படும் 'பா' வேறு, இது வேறு. தொனியும் ஒலிப்பும் மாறும். குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு ஏதோ நேர்ந்தது என்று சொல்லும்போது, இந்தப் 'பா'வை முன்னால் வைத்து அந்தப் பொருளை வினைக்கு முன் கொண்டுவருவார்கள். 'வோ பா ஷூ மாய் ல': நான், ஐ, புத்தகம், விற்று, விட்டேன். (விற்பதும் 'மாய்'தான், வாங்குவதற்குத் தொனி வேறு.) இங்கே வினை பொதுவாகத் தனியே நிற்காது. 'ல' போல, செயல் முடிந்ததையோ அதன் விளைவையோ காட்டும் ஏதேனும் ஒன்று கூட வரவேண்டும். கற்பவர்கள் இதை அடிக்கடி விட்டுவிடுவார்கள். 'புத்தகத்தை விற்றுவிட்டேன்' என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டால், 'விட்டேன்' இருக்கிற இடத்தில் 'ல' தானாக வந்து உட்காரும்.