வீட்டிலேயே கிடார் பெடல் செய்யலாம்... ஆனா உங்க வீட்டு ‘எர்த்’ ஓகேவா?

எலெக்ட்ரிக் கிடாரும் குட்டி ஆம்ப்பும் ஆன்லைன்ல வந்து இறங்கியாச்சு. பிளக் பண்ணி வாசிச்சா, ரீல்ஸ்ல கேட்ட அந்த முரட்டு சவுண்டு மட்டும் வரலையா? கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல, காலால் மிதிக்கிற ஒரு சின்ன டப்பா இருக்குமே, எஃபெக்ட்ஸ் பெடல், அந்த வேலையைச் செய்றது அதுதான். சில பெடல்களோட விலை உங்க கிடார் விலையையே தாண்டும். ஆனா, எளிமையான பெடலை அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தே செஞ்சுடலாம்.

கருவியைக் கையில எடுத்து மாத்துறது ஒண்ணும் தப்பில்லை. 1964-ல ‘தி கிங்க்ஸ்’ இசைக்குழுவின் டேவ் டேவிஸ், ஆம்ப் ஸ்பீக்கரை பிளேடால் கிழிச்சுத்தான் அந்தக் கரகர சத்தத்தைக் கொண்டுவந்தார். நம்ம மாண்டலின் ஸ்ரீனிவாஸ், 8 தந்தி உள்ள மேற்கத்திய மாண்டலினை கர்னாடக சங்கீதத்துக்காக 5 தந்தியா மாத்தி, எலெக்ட்ரிக்காவே வாசிச்சார். நீங்க ஸ்பீக்கரைக் கிழிக்க வேண்டாம், ப்ளீஸ்!

முதல் பெடலுக்கு சரியான ஆள், ‘பூஸ்டர்’. 1960-களின் முடிவில் அமெரிக்காவின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கொண்டுவந்த எல்.பி.பி-1 ரொம்ப சிம்பிள். மொத்த சர்க்யூட்டுக்கும் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். நம்ம ரேடியோ மெக்கானிக் கடையிலேயே கிடைக்கிற பிசி 547 போதும். ஒரிஜினல்ல 430 கிலோ ஓம், 43 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அந்த மதிப்பு இங்கே சுலபமா கிடைக்காது. 470, 47 போடுங்க, விகிதம் ஒண்ணுதான்.

டிரான்சிஸ்டரோட தட்டையான முகம் உங்களைப் பார்த்தபடி இருந்தா, இடமிருந்து வலமா கலெக்டர், பேஸ், எமிட்டர். கிடார் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியா பேஸுக்குப் போகணும். பேட்டரி பிளஸ்ல இருந்து பேஸுக்கு 470 கிலோ ஓம், பேஸ்ல இருந்து மைனஸுக்கு 47 கிலோ ஓம். பிளஸ்ல இருந்து கலெக்டருக்கு 10 கிலோ ஓம், எமிட்டர்ல இருந்து மைனஸுக்கு 390 ஓம். கலெக்டர்ல இருந்து இன்னொரு 0.1 கெப்பாசிட்டர், அதுக்குப் பிறகு 100 கிலோ ஓம் வால்யூம். அதோட மறுமுனை மைனஸுக்கு, நடுக்கால் ஆம்ப்புக்கு. கிடார் வயர், ஆம்ப் வயர் ரெண்டோட கிரவுண்டும் அதே மைனஸ்லதான் சேரணும். சிக்னல் சுமார் 25 மடங்கு பெருசாகும்.

சத்தம் மட்டும் கூடினா போதாது, உடையணும்னு ஆசையா? ரெண்டாவது கெப்பாசிட்டருக்கு அப்புறம், கிரவுண்டுக்கு ரெண்டு 1என்4148 டயோடை எதிரும் புதிருமா வைங்க. சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல போற அலையை அது வெட்டிடும். அந்த வெட்டுதான் உங்க ‘டிஸ்டார்ஷன்’.

25 வாட் சால்டரிங் அயர்ன், டாட் போர்டு, 9 வோல்ட் பேட்டரி. டப்பா மட்டும் உலோகமா இருக்கட்டும், அதையும் கிரவுண்டோட இணைங்க, வெளி இரைச்சல் குறையும். எவர்சில்வர்ல துளை போட்டு அவதிப்படாதீங்க, அலுமினியமே நல்லது.

ஷாக் அடிச்சிடுமோன்னு பயமா? 9 வோல்ட் பேட்டரியால ஆபத்தில்லை. ஆபத்து, பெடல் போய்ச் சேர்ற ஆம்ப்ல இருக்கு.

கிடார் தந்தியைத் தொட்டதும் ‘கொர்ர்’ சத்தம் குறையுதா? தந்தி பிரிட்ஜ் வழியா ஆம்ப்போட பாடிக்கு கனெக்‌ஷன் ஆகியிருக்குன்னு அர்த்தம். நல்ல விஷயம்தான். ஆனா ஆம்ப்ல லீக்கேஜ் இருந்து, எர்த்தும் இல்லைன்னா, அதே வழியில கரன்ட் உங்க கைக்கு வரும். 1972-ல ஸ்காட்லாந்து கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். அதனால மூணாவது பின்னை உடைச்சு டூ-பின் சாக்கெட்ல சொருகுற வேலையே வேண்டாம். மைக்ல உதடு பட்டு ‘சுருக்’குன்னா உடனே நிறுத்துங்க. ஆம்ப்பை நீங்களே திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் சில ஆம்ப் கெப்பாசிட்டர்ல உயர் வோல்ட்டேஜ் நிக்கும்.

நம்ம பக்கத்துல இன்னொரு சிக்கல், மண்ணு. கரிசல் மண் ஈரமா இருந்தா கரன்ட்டை நல்லாக் கடத்தும். கோடையில பாளம் பாளமா வெடிக்கும்போது எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் பிடிப்பு விட்டுப்போகும். சுவத்துல மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், ஆனா எர்த் பேருக்குத்தான் இருக்கும். கரியும் கல்லுப்பும் போட்ட எர்த் குழியா இருந்தா ஈரம் நிக்கும். கரிக்கா நம்ம ஊர்ல பஞ்சம்? சீமைக் கருவேல மூட்டம் போடாத ஊரே கம்மி. பங்குனி, சித்திரையில குழியில அப்பப்போ ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தை செக் பண்ணச் சொல்லுங்க, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் மாட்டச் சொல்லுங்க. அதுல ‘டெஸ்ட்’னு ஒரு பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. ‘டப்’புன்னு விழணும். விழலைன்னா, அது மாத்துற வரைக்கும் ஆம்ப்பை பிளக்ல சொருகாதீங்க.