வெற்றிட பம்ப் எப்படி வேலை செய்கிறது?

ஆணுறுப்பின் மேல் பொருத்திய குழாய்க்குள் காற்றழுத்தம் குறைந்ததும் உறுப்பின் பஞ்சு போன்ற திசுக்களுக்குள் ரத்தம் பாய்ந்து விறைப்பு வருகிறது. அடிப்பகுதியில் மாட்டும் ரப்பர் வளையம் அந்த ரத்தத்தைத் தேக்கி வைக்கிறது. 30 நிமிடத்துக்குள் வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். தாமதித்தால் திசு பாதிக்கப்படலாம்.

மின்சார பம்பிலும் கைப்பம்பிலும் தத்துவம் ஒன்றுதான். மூட்டுவலியால் கையால் அழுத்த முடியாதவர்களுக்கு மோட்டார் உண்மையிலேயே உதவி. ஆனால் வாங்கும்போது மோட்டாரின் வேகத்தைப் பார்க்காதீர்கள். அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பம்ப் நுண்ணிய ரத்தநாளங்களை உடைத்துச் சிவப்புப் புள்ளிகளையும் வீக்கத்தையும் உண்டாக்கலாம்.

உறுப்பு நிரந்தரமாகப் பெரிதாகும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் விறைப்புக் குறைபாட்டுக்காக மருத்துவர்கள் பரிந்துரைக்கும் கருவி இது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.