ஆண்டறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படித்தல்

கம்பெனியாகப் பதிவு பெறும் வணிகத்துக்குச் சட்டம் ஒரு பெரும் சலுகையை அளிக்கிறது: தொழில் நொடித்துப்போனாலும் பங்குதாரரின் இழப்பு அவர் போட்ட முதலோடு நின்றுவிடும், அவருடைய வீட்டையும் நிலத்தையும் கடன்காரர்கள் தொட முடியாது. அதற்கு ஈடாகவே கம்பெனி தன் கணக்கை ஊரறிய வைக்க வேண்டும் என்ற கடமை விதிக்கப்பட்டது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 399ஆம் பிரிவு, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான ஆவணங்களில் பெரும்பாலானவற்றை, காரணம் எதுவும் சொல்லாமல், கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம் என்கிறது. கம்பெனி விவகார அமைச்சகம் 2006இல் தொடங்கிய எம்சிஏ 21 திட்டம் அந்த வசதியை இணையத்துக்குக் கொண்டுவந்தது. வேலைக்குச் சேரப்போகும் பட்டதாரியும், கடனுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரியும், வைப்புத்தொகை போட நினைக்கும் ஓய்வூதியரும் இந்த உரிமையைப் பயன்படுத்தாமலே இருப்பது வருந்தத்தக்கது.

தேடலை எங்கே தொடங்குவது என்று தெரியாதவருக்கு, கம்பெனியின் லெட்டர்பேடில் அச்சாகியிருக்கும் 21 எழுத்து அடையாள எண்ணே முதல் சான்று. அது ‘எல்’ என்று தொடங்கினால் அக்கம்பெனியின் பங்குகள் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை, ‘யு’ என்றால் பட்டியலிடப்படாதவை. அடுத்த ஐந்து இலக்கங்கள் பதிவில் காட்டப்பட்ட தொழிலையும், பின்வரும் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், அதன் பின் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டையும் குறிக்கும். சென்னைப் பதிவாளரிடம் பதிவானவை ‘டிஎன்’ என்றும், கோவைப் பதிவாளரிடம் பதிவானவை ‘டிஇசட்’ என்றும் குறிக்கப்படுவதால், ஐம்பது ஆண்டுப் பாரம்பரியம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனி உண்மையில் எந்த ஆண்டு, எந்த ஊர் அலுவலகத்தில் பதிவானது என்பதை ஒரே வரியில் சரிபார்க்கலாம்.

ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் தலைவரின் உரையும் வண்ணப் படங்களும் இருக்கும். அவை கம்பெனி சொல்ல விரும்புபவை. சட்டம் சொல்ல வைப்பவை பின்னால், தணிக்கையாளர் அறிக்கையிலும் கணக்குக் குறிப்புகளிலும் சிறிய எழுத்தில் இருக்கின்றன. நிர்வாகத்தினரோ அவர்கள் குடும்பத்தினரோ நடத்தும் வேறு கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், வழக்கில் தோற்றால் கட்ட நேரிடும் தொகை, விற்பனையைவிட வேகமாக வளரும் வரவேண்டிய பாக்கி, லாபம் காட்டப்பட்ட ஆண்டிலும் தொழிலிலிருந்து ரொக்கம் வந்து சேராத நிலை ஆகிய எல்லாம் அங்கேதான் வெளிப்படும்.

எழுதப்பட்ட கணக்கே பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. 2009 ஜனவரி 7ஆம் நாள் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு வெளியிட்ட கடிதத்தின்படி, ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். 24 சதவீதம் என்று காட்டிய ஒரு காலாண்டின் செயல்பாட்டு லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம். ஐந்தொகையை மட்டும் படித்தவர் இதைக் கண்டிருக்க இயலாது. ஆனால் நிறுவனர் குடும்பத்தின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது பங்குச் சந்தைக்குத் தரப்பட்ட பட்டியல்களில் எல்லார் கண்முன்னும் இருந்தது; 2008 டிசம்பரில் அக்குடும்பத்தின் மேதாஸ் கம்பெனிகளை வாங்க எடுத்த முடிவும் பங்குதாரர்களின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஓர் ஆவணத்தை நம்புவதைவிட, வெவ்வேறு இடங்களில் தாக்கலான இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பதே ஆய்வு. நிறுவனர்கள் தம் பங்குகளை அடகு வைத்திருந்தால் அதை வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி கட்டாயமாக்கியதும் இந்த மோசடியின் பின்னரே.

ஒரு துறையை அறிவதற்குத் தனி வழிகள் உண்டு. திருப்பூரின் ஏற்றுமதியைத் தேடுபவர், உலகச் சுங்க வகைப்பாட்டில் பின்னலாடைக்கு 61ஆம் அத்தியாயமும் நெய்த துணி ஆடைக்கு 62ஆம் அத்தியாயமும் உரியவை என்று அறிந்திருந்தால்தான், கொல்கத்தாவிலுள்ள வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்குநரகம் வெளியிடும் அட்டவணைகளில் சரியான வரியை எடுக்க முடியும்.

ஆனால் திருப்பூரிலுள்ள பல பனியன் நிறுவனங்கள் கூட்டு வணிகமாகவோ தனியுரிமையாகவோ நடப்பதால், அவற்றின் கணக்கு கம்பெனிப் பதிவாளரிடம் இராது. வங்கிக் கடனுக்காகத் தரமதிப்பீடு பெற்றவையாக இருந்தால், கிரிசில், இக்ரா போன்ற முகமைகள் இலவசமாக வெளியிடும் விளக்கக் குறிப்புகள் கைகொடுக்கும். விற்பனை, கடன் சுமை, பெரிய வாடிக்கையாளரைச் சார்ந்திருக்கும் அளவு முதலியவை இரண்டு மூன்று பக்கங்களில் கிடைக்கும். சில குறிப்புகளில் மதிப்பீட்டின் அருகே, நிறுவனம் தகவல் தர ஒத்துழைக்கவில்லை என்ற வரி காணப்படும். நூல் அனுப்பும் வியாபாரி தொண்ணூறு நாள் கடனுக்குச் சம்மதிக்கும் முன், அந்த வரி எந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.